அருவிக்கடியில் சம்பந்தப் பேச்சு

சீசன் ஞாயிற்றுக்கிழமையில் குற்றாலத்து டூட்டி என்றாலே போலீஸ்காரர்களுக்கு முகம் சுண்டிப்போகும். ஊரெல்லாம் எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவிக்கு வரும். இவர்கள் மட்டும் காக்கிச்சட்டையும் பூட்ஸுமாகச் சாரலில் ஊறிக்கொண்டு விசில் ஊத வேண்டும். சண்முகப்பிரியாவுக்கு அந்த ஆனி மாத ஞாயிறு அதற்கு மேலேயும் ஒரு சோதனை. அவளுடைய கல்யாணப் பேச்சே அன்றைக்குப் பேரருவியில் வைத்துத்தான். லீவு கேட்டுப் பார்த்தாள். "கல்யாணத்துக்குக் கேளு, தாரேன். பேச்சுக்கெல்லாம் சீசன்ல லீவு கெடையாது" என்று இன்ஸ்பெக்டர் கையை விரித்துவிட்டார். ஆக, கல்யாணப் பெண்ணுக்குப் பட்டுச்சேலைக்குப் பதில் காக்கி, தலையில் பூவுக்குப் பதில் தொப்பி, கையில் லத்தி.

இந்தச் சம்பந்தத்தில் ஜாதகம் இடிக்கவில்லை. சீர் செனத்தி என்று யாரும் வாயைத் திறக்கவில்லை. பையனுக்கும் பெண்ணுக்கும் பிடித்துப்போய் வருஷம் ஒன்றாகிறது. இடித்ததெல்லாம் இரண்டு அப்பாக்களின் தத்துவம். இப்படி ஒரு கூத்தை எங்கேயாவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா?

பெண்ணின் அப்பா பரமேஸ்வரன் பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். சொந்த ஊர் சிவகிரி. தென்காசியில் வீடு கட்டிக் குடியேறியவர். வீட்டு வாசலில் கொடிக்கம்பம். காலையில் பால் வருகிறதோ இல்லையோ, கொடி ஏறிவிடும். நாடு என்று ஒன்று இருந்தால்தான் மனிதனுக்கு முகவரி, அரசாங்கம் என்று ஒன்று இருந்தால்தான் கதவைச் சாத்திவிட்டு நிம்மதியாகத் தூங்க முடியும் என்பது அவர் கட்சி. பந்தி பரிமாறும்போதுகூட ஆளைக் கணக்கெடுத்துவிட்டுத்தான் உட்காருவார்.

பையனின் அப்பா வல்லிநாயகம் இலத்தூர்க்காரர். கல்லூரியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவர். எல்லை, கொடி, பட்டாளம், போலீஸ் எல்லாமே மனிதனை மனிதன் நம்பாததால் போட்டுக்கொண்ட வேலி, வேலியைப் பிடுங்கிவிட்டால் உலகம் ஒரே குடும்பம் என்பது இவர் கட்சி. வெறும் வாய்ப்பேச்சும் இல்லை. வீட்டுக்குக் காம்பவுண்டு சுவர் எழுப்பமாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றவர். மாடு வந்து மேயும். பஸ்ஸுக்கு நிற்கிறவன் கொல்லையில் வந்து முகம் கழுவிவிட்டுப் போவான். அவர் மனைவி வடிவாம்பாள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். அவர் ஒரு கருத்தரங்குக்கு மதுரை போன நாளாகப் பார்த்து வீட்டைச் சுற்றிலும் காகிதப்பூச் செடியை நெருக்கி நட்டுவிட்டாள். "அழகுக்கு வச்சிருக்கேன்" என்றாள். காகிதப்பூவுக்கு இத்தனை நீள முள் உண்டு என்பதை வல்லிநாயகம் இன்றுவரை கவனிக்கவில்லை. பெரிய பெரிய வேலிகளைப் பற்றி யோசிக்கிறவருக்கு வீட்டு வேலி எங்கே கண்ணில் படப்போகிறது?

அவர் மகன் விஜயசங்கர் அதே கொல்லையில் நர்சரி வைத்திருந்தான். மங்குஸ்தான், ரம்புட்டான், ஜாதிக்காய்க் கன்றுகள். திடீரென்று கன்றுகள் காணாமல் போகத் தொடங்கின. அப்பாவுக்குத் தெரியாமல் அவன் இலத்தூர் ஸ்டேஷனில் வந்து புகார் சொன்னான். சண்முகப்பிரியா அப்போது அங்கேதான் கான்ஸ்டபிள். மப்டியில் பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து பார்த்தாள். திருடன் வந்தான். வெள்ளை வேட்டி, தங்க ஃபிரேம் கண்ணாடி, இரண்டு கையிலும் கன்று. "கொண்டுபோயி நடுங்கம்மா, மண்ணு எல்லாருக்கும் பொதுதானே" என்று பஸ்ஸுக்கு நின்ற பெண்களுக்கு எடுத்து நீட்டிக்கொண்டிருந்தான்!

அவள் இதை விஜயசங்கரிடம் சொன்னபோது அவனுக்குக் கோபம் வரவில்லை. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். "புடிச்சிட்டுப் போங்க மேடம், ரெண்டு நாளு உள்ள இருக்கட்டும். கன்னுகளாவது மிஞ்சும்" என்றான். பிறகு தலையைச் சொறிந்துகொண்டு, "பாவம், கேஸெல்லாம் வேண்டாம். எங்கப்பா நல்ல மனுசன்" என்றான். கன்றும் போய், கோபமும் இல்லாமல், அப்பாவையும் விட்டுக்கொடுக்காத அந்தப் பையனை அவளுக்கு அன்றைக்கே பிடித்துப்போயிற்று. மறைப்பானேன், அதற்கப்புறம் அவள் வீட்டு மாடியில் மங்குஸ்தான் கன்று இரண்டு வந்து சேர்ந்தன.

சித்திரையில் பெண் பார்க்க வந்தார்கள். கேசரி, வாழைக்காய் பஜ்ஜி, பன்னீர் தெளித்த ஜமுக்காளம் எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. பரமேஸ்வரன் வீட்டு ஹாலில் சுவர் கொள்ளாமல் ஓர் இந்திய வரைபடம் தொங்கியது. வல்லிநாயகம் கேசரியைக் கையில் வைத்துக்கொண்டு அதன் முன்னால் போய் நின்றார்.

"இந்தக் கோடெல்லாம் யாரு போட்டதுன்னு நெனைக்கீய அண்ணாச்சி?" என்றார் வல்லிநாயகம்.

"போட்டது யாரோ. அங்கன போயி நின்னது நாங்க" என்றார் பரமேஸ்வரன்.

"சொல்லுதேன் கேளுங்க. எங்கம்மா பொறந்த காலத்துல செங்கோட்டை திருவிதாங்கூர் ராஜ்யம். பெறகு கோட்ட மாத்திப் போட்டாங்க, மெட்ராஸ் பக்கம் வந்துட்டு. எங்கம்மா வீட்டு அடுப்பு இருந்த எடத்துலதான் இருந்துச்சு. நேத்து வரைக்கும் காவல் போட்டுக் காத்த கோடு, மறுநாளு கெஜட்டுல வெறும் மை. இதுக்குப் போயி உசுரக் கொடுக்கதா சார்?"

'அண்ணாச்சி' இதற்குள் 'சார்' ஆகிவிட்டதைப் பிரியா கவனித்தாள்.

"மைதான். யாரு இல்லேங்கா?" என்றார் பரமேஸ்வரன். "தாலிகூட நூலுதான் சார். நூலுதானேன்னு யாரும் அறுத்துப் போட்டுட்டுப் போறதில்லையே."

பிரியாவின் அம்மா பிச்சம்மாளுக்குத் தன் வீட்டுக்காரர் இத்தனை நன்றாகப் பேசுவார் என்பதே அன்றைக்குத்தான் தெரியும். அந்தப் பெருமையை முழுசாக அனுபவிக்க விடாமல் வல்லிநாயகம் அடுத்ததைப் போட்டார். "தாலி கட்டுததுக்குப் பொண்ணுகிட்ட சம்மதம் கேக்கோம். கோடு போடும்போது அங்கன இருக்க சனங்ககிட்ட யாரு வே கேட்டா? ஒரு பட்டாளமும் ஒரு போலீஸும் நின்னு மெரட்டித்தானே அந்தக் கோட்ட நிறுத்தி வச்சிருக்கு?"

'சார்' இப்போது 'வே' ஆகிவிட்டது. போலீஸ் என்ற சொல்லைத் தட்டில் காபியோடு நின்ற கல்யாணப் பெண்ணுக்கு எதிரில் சொல்லியிருக்க வேண்டாம். பரமேஸ்வரன் எழுந்தார். வல்லிநாயகம் கேசரியைத் தொடாமலே கீழே வைத்தார். நம் பக்கத்தில் பெண் பார்க்க வந்த வீட்டில் தின்னாமல் எழுந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். வடிவாம்பாள் மட்டும் போகும்போது பிச்சம்மாளின் கையைப் பிடித்து, "மைனி, இதுக ரெண்டும் கெடக்கட்டும், விட்டுராதீய" என்று கண் கலங்கிவிட்டுப் போனாள்.

விஜயசங்கர் பதிவுத் திருமணம் செய்துகொள்ளலாம் என்றான். பிரியா ஒத்துக்கொள்ளவில்லை. மாலையும் கழுத்துமாக ஸ்டேஷனுக்கு ஓடிவந்து நிற்கும் பெண்களை அவள் பார்த்திருக்கிறாள். உள்ளே அந்தப் பெண் நகத்தைக் கடித்துக்கொண்டு நிற்கும். வெளியே ரோட்டில் அப்பன்காரன் துண்டை வாயில் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அப்பாவை அப்படி உட்கார வைத்துவிட்டுத் தனக்கு ஒரு கல்யாணம் வேண்டாம். அதே சமயம் விஜயசங்கர் இல்லாமல் இன்னொருத்தன் முன்னால் காபித் தட்டோடு நிற்கவும் அவளால் முடியாது. பரமேஸ்வரனோ ராயகிரியில் வேறொரு பையனை விசாரிக்கத் தொடங்கிவிட்டார்.

அப்போதுதான் இரண்டு அம்மாக்களும் போனிலேயே பேசி ஒரு யோசனை கண்டுபிடித்தார்கள். ஆடி பிறந்துவிட்டால் பேச்சே எடுக்க முடியாது. அதற்குள் ஒரு தடவை இரண்டு குடும்பமும் சேர்ந்து குற்றாலத்தில் குளிக்கலாம். அருவிக்கு அடியில் நின்றால் பக்கத்தில் இருப்பவன் காது கிழியக் கத்தினாலும் கேட்காது. தலையும் குளிரும், வாயும் மூடியிருக்கும். குளித்துவிட்டு வந்த பசியில் சாப்பாட்டைப் போட்டு, நாளைக் குறித்துவிட வேண்டியது. இதுதான் திட்டம். நல்ல திட்டம்தான். ஆனால் இருபது வருஷம் பனிக்காற்றில் ஆர்டர் கத்திய தொண்டையையும், முப்பது வருஷம் கடைசி பெஞ்சு வரைக்கும் பாடம் நடத்திய தொண்டையையும் அவர்கள் கணக்கில் சேர்க்கவில்லை.

பேரருவியில் அன்றைக்குக் காலை ஆறு மணிக்கே பிரியா நின்றாள். பெண்கள் பக்கம் அவளுக்கு. ஆண்கள் பக்கம் கையில் மைக்கோடு ஏட்டு கிதிர் முகம்மது. அந்த நேரத்து அருவியைப் பார்த்தால் வல்லிநாயகம் சொல்வதுதான் சரி என்று தோன்றும். கூட்டம் குறைவு. யார் என்றே தெரியாத ஒருத்தி இன்னொருத்தியின் முதுகில் எண்ணெய் தேய்த்துவிடுவாள். "நீங்க நில்லுங்கக்கா, நான் பெறகு வாரேன்" என்று விட்டுக்கொடுப்பார்கள். கலெக்டர் வீட்டம்மாவா, களையெடுக்க வந்தவளா என்று நனைந்த தலையை வைத்துச் சொல்ல முடியாது. பதினொரு மணி ஆகட்டும். வேன் வேனாக வந்து இறங்கியதும் முழங்கையால் இடிப்பதென்ன, குறுக்கே புகுவதென்ன, கம்பியைப் பிடித்துக்கொண்டு இடத்தை விடாமல் நிற்பதென்ன! அப்போது அப்பா சொல்வதுதான் வேதவாக்காகத் தோன்றும். விசில் ஒரு நிமிஷம் நின்றால் அங்கே மிதிபட்டே நாலு பேர் போய்விடுவார்கள். இந்த இரண்டு பேரையும் இங்கே ஒரு நாள் முழுக்க நிறுத்தி வைத்தால் தேவலை என்று அவள் பல தடவை நினைத்ததுண்டு. மனதை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். அது நடந்தே விட்டது.

பத்து மணிக்கு மேல் வந்தார்கள். வடிவாம்பாள் அவளைக் காக்கியில் பார்த்துக் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். விஜயசங்கர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, யாருக்கும் தெரியாமல் ஒரு சல்யூட் வைத்தான். பெரியவர்கள் இருவரும் ஒருத்தரை ஒருத்தர் பார்க்காமல் வெவ்வேறு மரத்தைப் பார்த்துக்கொண்டு எண்ணெய் தேய்த்தார்கள். பிறகு ஆண்கள் பக்கம் இறங்கினார்கள். கூட்டத்தில் இடம் கிடைக்காமல் நகர்ந்து நகர்ந்து, ஓரத்துப் பாறையை ஒட்டிய மூலையில் போய் நின்றார்கள். நல்ல கனத்த தண்ணீர் விழும் இடம் அது. விஜயசங்கர் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, தலை வலிக்கிறதென்று மேலே ஏறிவிட்டான்.

பிரியா அவ்வப்போது எட்டிப் பார்த்துக்கொண்டாள். முதலில் அவர்கள் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். அடுத்த தடவை பார்த்தபோது முகத்துக்கு முகம். அதற்கடுத்த தடவை வல்லிநாயகத்தின் கை மேலே போயிருந்தது. அப்பாவின் கழுத்து நரம்பு இங்கிருந்தே தெரிந்தது. போச்சுடா என்று நினைத்துக்கொண்டாள். ஒரு பாட்டி வழுக்கி விழப் போனதால் அதற்குமேல் பார்க்க முடியவில்லை.

தண்ணீரின் நிறம் மாறியதை அவள்தான் முதலில் பார்த்தாள். வெள்ளை வெளேரென்று விழுந்துகொண்டிருந்த அருவியின் ஓரம் டீ மாதிரி கலங்கியது. கூடவே சருகும் சுள்ளியும் கொத்தாக வந்து விழுந்தன. மேலே மலையில் மழை கொட்டுகிறது என்று அர்த்தம். இன்னும் சில நிமிஷத்தில் தண்ணீர் பாதுகாப்பு வளைவைத் தாண்டிக் கொட்டும், கல்லும் மரமும் சேர்ந்து வரும். அவள் விசிலை வாயில் வைத்தாள். "எல்லாரும் வெளிய வாங்க! குளிச்சது போதும், வெளிய வாங்க!" என்று கிதிர் முகம்மது மைக்கில் அலறினார். பெண்கள் பக்கம் வழித்துவிட்டமாதிரி காலியாயிற்று. ஆண்கள் பக்கமும் கலைந்தது. மூலையில் இரண்டு தலை மட்டும் அசையவில்லை.

கிதிர் முகம்மது மறுகோடியில் ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டிருந்தார். பிரியா தடுப்பைத் தாண்டி ஆண்கள் பக்கம் ஓடினாள். பூட்ஸ் வழுக்கியது. கம்பியைப் பிடித்துப் பிடித்து அவர்கள் பக்கத்தில் போய்ச் சேர்ந்தபோது அவள் கேட்டது இதுதான்.

"இந்த விசில ஊதுத அதிகாரத்த இவங்களுக்கு யாரு வே கொடுத்தா?" வல்லிநாயகம் தண்ணீரைத் துப்பிக்கொண்டு கத்தினார். "அருவி கொடுத்துச்சா?"

"நான் கொடுத்தேன் வே! ஓட்டுப் போட்டுக் கொடுத்தேன்!"

"அப்போ அது ஒம்ம விசிலு. நீரு போம்! நான் நிக்கேன்!"

"ஒம்ம நிக்க விட்டுட்டு நான் மொதல்ல போனா அது பின்வாங்குனதுல்லா? நான் போமாட்டேன் வே!"

பாருங்கள். அரசாங்கமே வேண்டாம் என்கிறவர் கொள்கைக்காக நிற்கிறார், சரி. அரசாங்கம்தான் எல்லாம் என்கிறவர் எதற்காக நிற்கிறார்? பிரியாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சார், வாங்க! அப்பா, வாங்கப்பா! தண்ணி வருது!"

இருவரும் திரும்பினார்கள். அவளைப் பார்த்ததும் அப்பாவின் முகம் மலர்ந்தது. "பிரியா, நல்லவேளை வந்தே. நீயே சொல்லுட்டி, விசிலு எதுக்கு ஊதுதாங்க, இவருக்கு நல்லா வெளங்குத மாதிரிச் சொல்லு" என்றார். வல்லிநாயகமும் காதைத் துடைத்துக்கொண்டு கேட்கத் தயாரானார்.

மேலே பாறையில் ஏதோ உருளும் சத்தம் கேட்டது. பிரியாவின் கை உயர்ந்தது. அப்பாவின் கெண்டைக்காலில் லத்தி பளீரென்று இறங்கியது.

பரமேஸ்வரன் துள்ளிவிட்டார். ஒரு விநாடி மகளைப் பார்த்தார், யாரோ முன்பின் தெரியாத ஆளைப் பார்ப்பதுபோல. மறுவிநாடி அவருக்குள் இருந்த பழைய ஹவில்தார் எழுந்துவிட்டார். பக்கத்தில் நின்றவரை இடுப்புத் துண்டோடு சேர்த்து அள்ளித் தோளில் சாய்த்துக்கொண்டு, நொண்டி நொண்டிப் படியேறினார். பின்னால் பிரியா. அவர்கள் மேலே வந்து திரும்பிப் பார்த்தபோது அருவி செக்கச்சிவந்திருந்தது. ஆள் உயரத்துக்கு ஒரு மரக்கிளை தலைகீழாக வந்து அந்த மூலைப் பாறையில் மோதிச் சிதறியது.

குளிக்கத் தடை போட்டாயிற்று. கூட்டத்தைக் கரையேற்றி முடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. அதுவரைக்கும் பிரியாவுக்குக் கை வேலையில் இருந்தது, மனது இல்லை. வேலை முடிந்ததும் பெண்கள் உடை மாற்றும் அறைக்குப் பின்னால் போய் நின்று அழுதாள். பெற்ற அப்பாவை அடித்துவிட்டாள். ஒரு சொல் கடுமையாகப் பேசாத அப்பா. ட்ரெயினிங்கில் கால் வீங்கி வந்தபோது மடியில் வைத்துத் தைலம் தேய்த்த அப்பா. அதுவும் அடிதடியே ஆகாது என்கிற மனிதர் முன்னால், நாளைக்கு மாமனாராக வேண்டியவர் முன்னால். "மருமக போலீஸா இருந்தா அப்பனையே அடிப்பா" என்று அவர் சொன்னால் யார் மறுக்க முடியும்? கிதிர் முகம்மது தண்ணீர் பாட்டிலைக் கொண்டுவந்து நீட்டினார். "மொகத்தக் கழுவிட்டுப் போம்மா. உசுரோட இருக்காங்கல்லா? பெறகு எல்லாத்தையும் பேசிக்கிடலாம்" என்றார்.

டீக்கடையில் பெஞ்சுபோட்டு உட்கார்ந்திருந்தார்கள். பரமேஸ்வரன் காலை நீட்டியிருந்தார். பிச்சம்மாள் கெண்டைக்காலில் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். விரல் கனத்துக்குச் சிவந்து தடித்திருந்தது. வல்லிநாயகம் எதிர்ப் பெஞ்சில் டீயைக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்காமல், அந்தத் தடிப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். "வந்ததுலேருந்து ஒரு வார்த்தை பேசல. கல்யாணமான நாளுலேருந்து இவரு இப்படி இருந்து நான் பாத்ததில்ல" என்று வடிவாம்பாள் காதோடு சொன்னாள். விஜயசங்கருக்கு முகத்தில் ஈயாடவில்லை.

பிரியா அப்பாவின் முன்னால் போய்த் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றாள். "அப்பா" என்றாள்.

"டூட்டியில இருக்கும்போது அப்பன் ஆத்தான்னு பாக்கப்படாது" என்றார் பரமேஸ்வரன். குரல் பட்டாளத்துக் குரல்தான். ஆனால் பாதியிலேயே உடைந்தது. "ஆனா நீ அப்பன்னு பாத்துத்தானட்டி அடிச்சே? எனக்குத் தெரியாதா? அதான் இப்பிடி வலிக்கு."

அவள் அவர் காலடியில் உட்கார்ந்துவிட்டாள். காக்கிப் பேன்ட் சேறாவதைப் பற்றி யோசிக்கவில்லை. பிச்சம்மாள் கையிலிருந்த எண்ணெய்க் கிண்ணத்தை வாங்கித் தானே தடவினாள்.

அப்போதுதான் வல்லிநாயகம் டீயைக் கீழே வைத்தார். "எனக்கு ஒரு விசயம் மனசுல உறுத்துது" என்றார்.

சரி, வந்துவிட்டது. வடிவாம்பாள் கண்ணை மூடிக்கொண்டாள். விஜயசங்கர் எழுந்தே விட்டான்.

"விசிலுக்கு அசையமாட்டேன்னு மொதல்ல நின்னது நானு. இவரு என்னால நின்னாரு. நியாயமாப் பாத்தா அடி எனக்குல்லா விழுந்திருக்கணும்? என்னைய ஏம்மா அடிக்கல?"

இப்படி ஒரு கேள்வியை யாரும் எதிர்பார்க்கவில்லை. பிரியா நிமிர்ந்து பார்த்தாள். கேலியா என்று தேடினாள், இல்லை. நல்லதாக நாலு வார்த்தை ஜோடித்துச் சொல்லித் தப்பித்திருக்கலாம். அவளுக்கு அதற்குத் தெம்பில்லை.

"யோசிச்சு அடிக்கல. கை தானா அப்பா பக்கம் போயிட்டு" என்றாள். "ஒங்கள அடிக்கக் கைக்கு வரல. நீங்க வேத்தாளுல்லா? அடிச்சா நீங்க என்ன நெனைப்பீயளோ, கல்யாணம் நின்னுருமோன்னு பயம் உள்ள எங்கயோ கெடந்திருக்கு. அப்பான்னா... அப்பாவ அடிச்சா அப்பா எங்க போயிரப் போறாரு?"

வல்லிநாயகத்தின் முகம் அடிபட்டமாதிரி ஆகிவிட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஈரத்துண்டில் துடைத்ததால் அது இன்னும் மங்கியது.

"இவரு சொல்லுதாப்புல, சட்டத்துக்கு முன்னால எல்லாரும் ஒண்ணுன்னா, எனக்கும் ஒண்ணு விழுந்திருக்கணும். நான் சொல்லுதாப்புல, மனுசங்க எல்லாரும் ஒண்ணுன்னா, அப்பவும் எனக்கு ஒண்ணு விழுந்திருக்கணும்" என்றார். "எந்தக் கணக்குலயும் சேராம என்னைய மட்டும் வெளிய விட்டுட்டியேம்மா."

சிரிக்கத்தான் தோன்றும், ஆனால் யாரும் சிரிக்கவில்லை. மனிதருக்கு உண்மையிலேயே கண் கலங்கியிருந்தது. உலகத்தில் யாருமே அந்நியர் இல்லை என்று வாழ்நாள் முழுக்கச் சொல்லி வந்தவரை, பெண் எடுக்க வந்த வீட்டில் அந்நியராக நிறுத்தியாயிற்று.

பரமேஸ்வரன் அவரை உற்றுப் பார்த்தார். "அடி வாங்கினது நானு. நீரு எதுக்கு வே அழுதீரு?" என்றார். பிறகு என்ன நினைத்தாரோ, பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டார். "இங்கன வாரும். இங்கன வந்து உக்காரும்."

வல்லிநாயகம் எழுந்துவந்து உட்கார்ந்தார். இரண்டு ஈரத் துண்டுகளும் ஒட்டிக்கொண்டன. அந்தத் தடிப்பைக் குனிந்து பார்த்து, "நல்லாத்தான் விழுந்திருக்கு" என்றார்.

"எம்மக கைல்லா" என்றார் பரமேஸ்வரன். அந்த நேரத்திலும் பெருமையைப் பாருங்கள்.

"அடிச்சது தப்புதான், அதுல எனக்கு மாத்துக் கருத்து இல்ல."

"அடிக்காட்டா நீரு இப்ப பேச இருக்கமாட்டீரு."

"அதயும் இல்லேங்கல. அத பெறகு பேசுவோம், நெறையப் பேச வேண்டியிருக்கு." வல்லிநாயகம் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். "ஏட்டி, ஆவணியில மொத முகூர்த்தம் என்னைக்கு?"

வடிவாம்பாள் அதற்குமேல் அடக்க முடியாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு விம்மினாள். தேதியைப் பிச்சம்மாள்தான் சொன்னாள். இரண்டு பேரும் எப்போதோ பார்த்து வைத்துவிட்டார்கள். விஜயசங்கர் டீக்கடைக்காரரைக் கட்டிப்பிடித்தான். அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

வல்லிநாயகம் விரலை நீட்டிப் பிரியாவைப் பார்த்தார். "இன்னொண்ணு சொல்லிப்புடுதேன். அடுத்த சீசன்லயும் நாங்க ரெண்டு பேரும் இங்கன வருவோம், இதே மாதிரித்தான் பேசுவோம். அன்னைக்கும் தண்ணி வந்து நான் அசையாம நின்னா, மொத அடி எனக்கு விழணும். விழுமா?"

பிரியா புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். கையில் இருந்த எண்ணெய் கன்னமெல்லாம் ஆயிற்று.

"கண்டிப்பா விழும், மாமா" என்றாள்.